போனார்க்குத் தலைமாறு

2023-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் சீர்காழிச் சட்டைநாதர் திருக்கோயிலில் குடமுழுக்கு நடந்தது. 32 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வது என்பதால் ஊர் கொள்ளாத கூட்டம். நம் குழுவினர் நால்வர் முதல்நாளே போய்ச் சேர்ந்திருந்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நம்மை இழுத்தது குடமுழுக்கைவிட, அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 16-ஆம் நாள், யாகசாலை அமைக்க மண் தோண்டியபோது வெளிப்பட்ட புதையல்தான். 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகள். அவற்றோடு தேவாரப் பதிகங்கள் பொறிக்கப்பட்ட 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகள். சம்பந்தர் பிறந்த ஊரின் மண்ணுக்குள் தேவாரமே புதைந்து கிடந்தது என்னும் செய்தி, கல்வெட்டுப் பித்துப் பிடித்த நம்மைப் போன்றோரைச் சும்மா இருக்க விடுமா?

கோயிலை அடுத்த வீதியில் ஒரு தேநீர்க்கடை. அருகில் நான்கு இளைஞர்கள் ஒரே கைப்பேசிக்குள் தலைகளை நுழைத்து நின்றனர்.

"திரும்ப வந்துருச்சுடா மாப்ள! அறிவிப்பே வந்தாச்சு."

"இந்தத் தடவ மூணு மாசந்தானாம். அப்புறம் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம்."

செப்பேடுகளை மூன்று மாதம் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள் போலும் என்றெண்ணி, நம்மில் மூத்தவர் ஆவல் தாங்காமல் "எங்கே தம்பி, எந்த மண்டபத்தில்?" என்று கேட்டுவிட்டார். நால்வரும் அவரை வியப்போடு பார்த்தனர். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தனர். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது பப்ஜி என்று பரவலாக அறியப்படும் இணைய விளையாட்டின் இந்திய வடிவைப் பற்றி. பத்து மாதங்களாகக் கடைகளில் கிடைக்காதிருந்த அவ்விளையாட்டு மீண்டும் வரப்போவதாக, குடமுழுக்குக்கு ஐந்து நாள் முன்பு, மே 19-ஆம் நாள்தான் அறிவிப்பு வெளியாகியிருந்தது.

சிரித்து முடித்தபின் அவர்களுள் ஒருவர், கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்பவர், நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க பழைய விசயமெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்கன்னு சொல்றீங்களே சார், நடத்துறவன் வுட்டுட்டுப் போய்ட்டா வெளையாட்டு என்னா ஆவும்? இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் இப்புடி நடந்துருக்கா?" நம்மிடம் அப்போது விடையில்லை. அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதே இக்கட்டுரை. வழக்கமாகச் சோழர் காலத்தில் தொடங்கி இக்காலத்திற்கு வரும் நாம், இம்முறை இக்காலத்தில் தொடங்கிச் சோழரிடம் போகப்போகிறோம்.

நம் வாசகர்களுள் பெரும்பாலோர் இவ்விளையாட்டின் பெயரைப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வேளையில் மட்டுமே உச்சரித்திருப்பர். ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். எட்டுக் கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு கற்பனைத் தீவில் நூறு பேர் வானிலிருந்து குதிக்கின்றனர். கிடைத்த ஆயுதத்தைக் கொண்டு ஒருவரையொருவர் வீழ்த்த, இறுதியில் எஞ்சி நிற்பவர் வென்றவர். தனியாகவும் ஆடலாம், நால்வர் அணியாகவும் ஆடலாம். அணியினர் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே ஆட வசதியுண்டு. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கணிப்பொறிக்கான மூல விளையாட்டு 2017-இல் தென்கொரிய நிறுவனமொன்றால் உருவாக்கப்பட்டது. அதன் தாய் நிறுவனம் பின்னர் கிராஃப்டன் என்று பெயர் பெற்றது. 2018 மார்ச்சில் கைப்பேசி வடிவம் வந்தது. அதை உருவாக்கியதும் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் வெளியிட்டு நடத்தியதும் சீனத்தின் டென்சென்ட் நிறுவனம். ஆக, உரிமையாளர் ஒருவர், வெளியீட்டாளர் வேறொருவர். போதாக்குறைக்கு, அவ்வெளியீட்டாளர் உரிமையாளர் நிறுவனத்திலேயே பங்கும் வைத்திருந்தார். தஞ்சைத் தரணியில் நிலவுடைமையாளர், குத்தகைதாரர், உள்குத்தகைதாரர் என்று விரியும் வழக்குகளைப் படித்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று.

நூலுலகில் பதிப்பாளர் விலகினால் என்ன ஆகும் என்பதை நாம் நன்கறிவோம். கடையில் நூல் கிடைக்காது. பழைய புத்தகக் கடைகளில் தேடுவோம். நண்பரிடம் இரவல் வாங்கித் திருப்பித் தர மறந்துவிடுவோம். ஆயினும் ஏற்கெனவே நம் அலமாரியில் இருக்கும் படியின் எழுத்துகள் ஒரு நள்ளிரவில் மறைந்து வெற்றுத்தாளாகிவிடுவதில்லை. இணைய விளையாட்டில் அதுவே நடக்கும். ஆடுபவர் கையில் இருப்பது பாதி மட்டுமே. மறுபாதி வெளியீட்டாளரின் வழங்கிக் கணிப்பொறியில் இருக்கிறது. அதை அவர் நிறுத்திய கணத்தில் கையிலுள்ள பாதிக்குப் பொருளில்லை.

2020 ஜூன் 15-ஆம் நாள் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப்படையினருடன் நிகழ்ந்த மோதலில் இந்திய வீரர்கள் இருபதின்மர் உயிர்நீத்தனர். அவர்களுள் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. ஜூன் 29-இல் நடுவண் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடுத்தது. செப்டம்பர் 2-இல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின் கீழ் மேலும் 118 செயலிகள் தடுக்கப்பட்டன. பப்ஜி அதில் ஒன்று.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் பொருளுக்கு நேரானது. செப்டம்பர் 8-ஆம் நாள் கொரிய நிறுவனம், இந்தியாவில் இவ்விளையாட்டை வெளியிடும் உரிமை இனி டென்சென்ட்டுக்கு இல்லையென அறிவித்தது. வெளியீட்டாளர் விலக்கப்பட்டார், அவரிடத்திற்கு எவரும் நியமிக்கப்படவில்லை. கடைகளில் விளையாட்டு இல்லை. எனினும் ஏற்கெனவே கைப்பேசியில் வைத்திருந்தவர்களுக்கு அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்டோபர் 30-ஆம் நாள் வழங்கிகள் இந்தியருக்கு நிறுத்தப்படும்வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், அந்தரத்தில் தொங்கிய காலம் அது.

அவ்விரண்டு மாதங்களில் ஆடியவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தனர் என்பதை எந்தச் செய்தித்தாளும் பொருட்படுத்தி எழுதியதாக நமக்கு நினைவில்லை. "ஒழிந்தது தொல்லை" என்று பெற்றோர் மகிழ்ந்ததும், உள்நாட்டு விளையாட்டொன்று விரைவில் வரும் என்று அறிவிக்கப்பட்டதுமே செய்தியாயின. பெற்றோரின் மகிழ்ச்சியைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. நம்மில் இருவர் அந்தப் பெற்றோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆனால் சீர்காழி இளைஞர் சொன்னதைக் கேட்டபின் அம்மகிழ்ச்சி சற்றே குறைந்துபோனது.

அவருடைய அணியில் நால்வர். அவர், கொள்ளிடத்து நண்பர் ஒருவர், வைத்தீஸ்வரன்கோயில் நண்பர் ஒருவர், நான்காமவர் அபுதாபியில் மின்பணியாளராக இருந்த அவருடைய அண்ணன். அந்நாட்டில் வாட்ஸப் வழியாகப் பேச இயலாது என்பதை வளைகுடாவில் உறவினர் உள்ளோர் அறிவர். காசு கொடுத்துப் பேசினால் கட்டுப்படியாகாது. அண்ணன் அங்கே வேலை முடித்து ஒன்பது மணிக்கு அறைக்கு வந்தால் இங்கே பத்தரை. விளையாட்டுக்குள் நுழைந்தால் குரல் தெளிவாகக் கேட்கும்.

"அம்மாவும் பக்கத்துல வந்து ஒக்காந்துக்குவாங்க சார். சாப்டியாப்பா, காய்ச்சல் வுட்டுதாப்பான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அங்க எவனாவது சுட்டுக்கிட்டிருப்பான், ஒண்ணும் கேக்காது. எந்தப் பய அது நடுவுல டமாரு டமாருங்கறான்னு அம்மா வைவாங்க."

நோய்த்தொற்றால் வானூர்திகள் நின்றிருந்த காலம். அந்த அன்னைக்கு மூத்த மகனின் குரல் ஒவ்வோர் இரவும் அந்தத் தீவிலிருந்துதான் வந்தது. அக்டோபர் 29 இரவு நால்வரும் தீவில் இறங்கி, எவரையும் சுடாமல் ஒரு வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்களாம். யாரோ வந்து நால்வரையும் வீழ்த்திவிட்டுப் போனான். மீண்டும் இறங்கினார்கள். மறுநாள் அண்ணனுக்கு விளையாட்டு இருந்தது, தம்பிக்கு இல்லை. தடை இந்தியாவுக்கு மட்டுமல்லவா?

நவம்பர் 12-இல் கொரிய நிறுவனம் இந்தியாவில் கிளை நிறுவி 10 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. பின் ஆறு மாதம் பேச்சில்லை. 2021 மே 6-இல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்னும் புதுப்பெயர் அறிவிக்கப்பட்டு, ஜூலை 2-இல் முறைப்படி வெளியானது. இம்முறை உரிமையாளரே வெளியீட்டாளர். பழைய கணக்கிலிருந்த உடைகளையும் பதக்கங்களையும் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது. இளைஞர் தம் மூன்றாண்டுச் சேமிப்பை முழுவதும் மாற்றிக்கொண்டார். எல்லாம் வந்தது. ஆனால் இது இந்தியருக்கு மட்டுமான விளையாட்டு. அதன் தீவு வேறு, உலகின் பிற பகுதியினர் ஆடும் தீவு வேறு. அபுதாபியிலிருந்து அண்ணன் வர வழியில்லை.

2022 ஜூலை 28-இல் அரசின் ஆணைப்படி இதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. ஓராண்டிற்குள் பத்துக்கோடிப் பேர் பதிவு செய்திருந்தனர் என்பது நிறுவனத்தின் கணக்கு. மீண்டும் அந்தரம். வைத்திருப்பவர் ஆடலாம், அழிந்துபோனால் மீண்டும் பெறமுடியாது. அவ்வாண்டு நவம்பர் இரண்டாம் வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை டெல்டாவில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சம்பாப் பயிர் மூழ்கி, வீடுகளுக்குள் நீர் புகுந்த அந்த இரவில் இளைஞரின் கைப்பேசியும் நனைந்து செத்தது. ஊரே பயிர் போன துயரில் இருக்கையில் இதைச் சொல்லி அழ வெட்கமாயிருந்தது என்றார். வேறு கைப்பேசி வாங்கினார், விளையாட்டு கிடைக்கவில்லை. பின்வாசல் வழிகள் இருந்தன. கைப்பேசித் தொழிலில் இருப்பவருக்கு அவை தெரியாமலில்லை. கணக்கே முடக்கப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தில் தொடவில்லையாம்.

2023 மே 19 அறிவிப்பு மூன்று மாதச் சோதனைக்கான ஒப்புதல். மே 29-இல் ஆட்டம் தொடங்கியது. 18 வயதுக்கு உட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், மற்றோர் ஆறு மணி நேரம் என்னும் வரம்போடு. (ஆறு மணி நேரம் என்பதை வரம்பு என்றழைக்கும் துணிவை நாம் மெச்சத்தான் வேண்டும்.) சோதனைக்காலம் கடந்தும் அது நிற்கவில்லை. ஆயினும் அன்று தேநீர்க்கடையில் அவர்கள் முகத்தில் கண்டது முழு மகிழ்ச்சியன்று. இருமுறை இழந்தவன் மூன்றாம் முறை கிடைத்ததைத் தொடும்போது விரல் சற்றுக் கூசும்.

"இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் நடந்துருக்கா?" என்றாரல்லவா? நிறையவே நடந்திருக்கிறது.

2000-களின் நடுவில் கல்லூரியில் பயின்ற வாசகர்களுக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்தின் இணைய மையங்கள் நினைவிருக்கும். அங்கே 'ஏ3' என்னும் கொரிய விளையாட்டை அந்நிறுவனமே இந்தியாவில் வெளியிட்டது. நம்மில் ஒருவர் ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டுவதாக வீட்டில் சொல்லிவிட்டு அங்கே வாள் சுழற்றியவர். நம் நாட்டில் அது நெடுநாள் நிலைக்கவில்லை. அவருடைய வீரன் எந்த நிலையில் நின்றுபோனான் என்பதற்கு இன்று அவர் நினைவைத் தவிர வேறு சான்றில்லை. கல்வெட்டுக்கு மசிப்படி எடுக்கக் கற்றவர், அவனுக்கு ஒரு படியெடுக்கத் தவறிவிட்டார்.

அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் விளையாட்டை, அதன் கொரிய வெளியீட்டாளர் 2012 நவம்பர் 30-இல் மூடினார். அறிவிப்பு வந்ததும் ஆடியவர்கள் விளையாட்டுக்குள்ளேயே, நகரின் நடுவே, தீப்பந்தம் ஏந்திக் கூடி நின்றனர். பயனில்லை. ஆனால் அந்நகரை யாரோ சிலர் கமுக்கமாகத் தங்கள் கணிப்பொறியில் மீண்டும் எழுப்பி ஆண்டுக்கணக்கில் நடத்திவந்தது 2019-இல் வெளிப்பட்டது. பெரும் சச்சரவு, பின் பலரும் அப்படி நடத்தினர். 2024 ஜனவரியில் அவர்களுள் ஒரு தன்னார்வக் குழுவுக்கு உரிமையாளரே முறையான இசைவு வழங்கினார். இது அரிதினும் அரிதான முடிவு.

சீனத்தில் நடந்தது நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனத்தின் விளையாட்டுகளை ஏறத்தாழ 14 ஆண்டுகள் அங்கே வெளியிட்டுவந்த நெட்ஈஸ் நிறுவனத்துடன் உடன்பாடு முறிந்து, 2023 ஜனவரியில் அவை நிறுத்தப்பட்டன. ஆடியவர் தம் பாத்திரங்களின் விவரத்தை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், என்றேனும் எவரேனும் மீண்டும் நடத்தினால் பயன்படும் என்று சொல்லப்பட்டது. கோடிக்கணக்கானோர் வாழ்ந்த ஊரைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு பட்டாச் சீட்டு கொடுத்தது போல. 2024-இல் அதே இருவரும் சமரசமாகி ஊரைத் திறந்தனர் என்பதால் அந்தச் சீட்டுகளுக்கு உயிர் வந்தது.

2024 மார்ச் 31-இல் பிரெஞ்சு நிறுவனமொன்று 'தி க்ரூ' என்னும் கார் பந்தய விளையாட்டின் வழங்கிகளை நிறுத்தியது. தனியாக ஆடக்கூடியதுங்கூட அதோடு செத்தது. விலை கொடுத்து வாங்கியதை விற்றவன் எப்படிச் செயலற்றதாக்கலாம் என்று எழுந்த கேள்வி ஐரோப்பியக் குடிமக்கள் முன்னெடுப்பாக வளர்ந்து, 2025 ஜூலைக்குள் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் ஒப்பத்தைத் திரட்டியது. விளையாட்டை என்றென்றும் நடத்தவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, ஆடுபவர் தாமே தொடர்ந்து ஆடும்படி விட்டுச் செல்லுங்கள் என்றே கேட்கின்றனர். அதாவது, போகும்போது ஓர் ஏற்பாடு.

இந்த 'ஏற்பாடு' என்னும் சொல்தான் நம்மைச் சோழரிடம் இட்டுச்செல்கிறது. அதற்குமுன் சீர்காழியில் ஒரு நடை.

இவ்வூர் முத்துத்தாண்டவர், தில்லையாடியில் பிறந்து இங்கே வாழ்ந்த அருணாசலக் கவிராயர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரையும் தமிழிசை மூவர் என்று போற்றுகிறோம். சீர்காழியில் அவர்களுக்கு மணிமண்டபம் உண்டு. முத்துத்தாண்டவரின் பாடல்களில் ஒரு பகுதியே நமக்குக் கிடைத்தது. கிடைத்தவற்றுக்கும் அவர் பாடிய மெட்டு கிடைக்கவில்லை. இன்று மேடைகளில் ஒலிப்பவை பிற்காலத்தார் அமைத்த மெட்டுகள். கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைக்கு இசையமைத்தவர்கள் அவருடைய மாணாக்கர்களான சட்டநாதபுரத்து இருவர், வெங்கட்ராமையரும் கோதண்டராமையரும். திருவரங்கத்தில் அரங்கேறி, சென்னையில் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவைப் பெற்று, பின் அச்சும் ஏறிய அந்நூலின் சொற்கள் முழுமையாக நம்மிடம் உள்ளன. அந்த இருவர் அமைத்த மெட்டுகளில் பெரும்பாலானவை இல்லை.

சொல் ஏட்டில் தங்கும். மெட்டு ஆட்களிடையே மட்டுமே தங்கும். பாடுவோரும் கேட்போரும் சோறிடுவோரும் கூடியிருக்கும்வரை அது உண்டு. 1855-இல் தஞ்சையில் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறக்க, கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டபோது நிகழ்ந்ததும் இதுவே. சரசுவதி மகாலின் சுவடிகள் தஞ்சையிலேயே இருந்தன. இசைவாணரும் ஆடல்வல்லாரும் சென்னைக்கும் பிற அரசவைகளுக்கும் பெயர்ந்தனர். தஞ்சை நால்வருள் வடிவேலு திருவாங்கூரையும் சின்னையா மைசூரையும் முன்னரே அடைந்திருந்தனர் என்பது தனிக்கதை. புரவலன் போனால் கலைஞன் என்ன ஆவான் என்று அன்று மேலவீதியில் எத்தனை பேர் இரவெல்லாம் பேசியிருப்பர் என்பதை எந்த ஆவணமும் நமக்குச் சொல்வதில்லை.

தேவாரத்திற்கும் இதே கதைதான். சம்பந்தர் பாடியவை பதினாறாயிரம் பதிகம் என்பது மரபுவழிச் செய்தி. கிடைத்திருப்பவை 380-ஐச் சற்றே தாண்டும். தில்லையில் அடைபட்டுக் கிடந்த ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏடு கிடைத்தபின்னும் பண் தெரியவில்லை என்று அந்நூல் சொல்வதை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். சம்பந்தரோடு யாழிசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண்ணொருத்தியை எருக்கத்தம்புலியூரில் தேடிக்கண்டு, அவள்வழிப் பண்ணடைவு அமைத்தார்களாம். புராணம் வரலாறன்று என்று நண்பர்கள் எச்சரிக்கலாம்; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஏட்டை மீட்பது பாதி வேலையே என்பதைப் புராணம் எழுதியவர் தெளிவாக உணர்ந்திருக்கிறார். ஆடைகளும் பதக்கங்களும் புதுக்கணக்குக்கு மாறி வந்தும், அபுதாபிக் குரல் வராததை நம் இளைஞர் உணர்ந்ததைப் போல.

புராணத்தை விட்டுக் கல்லுக்கு வருவோம். தஞ்சை இராசராசீச்சரத்தில் திருப்பதியம் விண்ணப்பிக்க இராசராசர் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் அமர்த்தினார். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். அவர் ஆட்சியின் இறுதியாண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டு, ஐம்பதின்மர் பெயரையும் நெல்லளவையும் சொன்னதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இவர்களுள் ஒருவர் இறந்தால், அல்லது 'அனாதேசம்' போய்விட்டால், என்ன செய்வது என்று தொடர்கிறது. அவருக்கு அடுத்த உரிமையுடையவர் தலைமாறாக வந்து, அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். அவருக்குத் தகுதியில்லையெனில் தகுதியுள்ள வேறொருவரைத் தம் இடத்தில் நிறுத்தவேண்டும். உரியவர் எவருமே இல்லையெனில், எஞ்சிய பிடாரர்களே தக்கவரைத் தேர்ந்து அமர்த்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நாம் எத்தனையோ முறை படித்திருந்தும் அதன் அருமை புலப்பட்டதில்லை. சீர்காழித் தேநீர்க்கடைக்குப் பின்னரே புலப்பட்டது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அரசன் தன் அதிகாரிகளிடம் விடவில்லை; பாடுகிறவர்களிடமே விட்டிருக்கிறான். ஒரு பேரரசின் உச்சத்தில் நின்றவன், ஆட்கள் போய்விடுவார்கள் என்பதை முன்கூட்டியே எண்ணி, போனாலும் பாட்டு நிற்காதிருக்க வழியெழுதி வைத்தான். நெல்லளக்கும் பண்டாரமே ஒருநாள் இல்லாமற்போகும் என்பதை அவன் எண்ணவில்லை என்பதும் உண்மையே. அந்த அளவுக்கு எண்ணும் அரசன் எங்கும் பிறந்ததில்லை.

இதையடுத்து, இத்தகைய விளையாட்டுகளில் நுழையுமுன் ஒப்புக்கொள்ளக் கேட்கும் பயனர் ஒப்பந்தங்களுள் சிலவற்றைத் தேடிப் படித்தோம். (அவற்றை முழுவதும் படித்த மிகச் சிலருள் நாமும் அடங்குவோம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.) அங்கும் போவதைப் பற்றிய விதி உண்டு. சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆடியவர் சேர்த்தவை அவர் உடைமையல்ல, பயன்படுத்த வழங்கப்பட்ட இசைவு மட்டுமே. 2025 தொடக்கம் முதல் கலிஃபோர்னியாவில், இணையத்தில் இவற்றை விற்போர் 'நீங்கள் வாங்குவது உரிமையன்று, இசைவே' என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று சட்டமே உள்ளது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதுமா என்பது வேறு. போனார்க்குத் தலைமாறு யார் என்னும் விதியை மட்டும் நாம் படித்தவற்றுள் எதிலும் காணவில்லை.

சூதாட்டச் செயலிகளையும் இதையும் ஒன்றாகப் பார்ப்போர் உண்டு. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றுக்கு எதிராகத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும், 2025-இல் நாடு முழுமைக்கும் வந்த சட்டமும் வேறு பொருளைப் பற்றியவை. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. பப்ஜி நல்லதா கெட்டதா என்பதும் நம் வழக்கன்று. மழலையர் அதில் மூழ்கிக் கிடப்பதை நாமும் விரும்புவதில்லை. ஆனால் கூத்தும் சதிரும்கூட ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கெடுப்பவை என்றே பேசப்பட்டன. கெடுப்பவை என்று ஒதுக்கப்பட்ட காலத்தில் எவரும் எழுதி வைக்காததால், இன்று அவற்றின் வரலாற்றைத் தேடி நாம் எவ்வளவு அலைகிறோம் என்பதை இப்பக்கத்தைத் தொடர்ந்து படிப்போர் அறிவர்.

சட்டைநாதர் கோயில் செப்பேடுகளை மண்ணில் இட்டவர் யாரென்று நாமறியோம். ஏதோ ஓர் அச்சம் அவரை உந்தியிருக்கவேண்டும். திருமேனிகளோடு சேர்த்துப் புதைத்தார் என்பதால், படையெடுப்போ கொள்ளையோ ஏதோவொன்று நெருங்கியது என்று ஊகிக்கலாம். மீண்டும் வந்து எடுக்கும் எண்ணத்தோடுதான் புதைத்திருப்பார். எடுக்க எவரும் வரவில்லை. இத்தனை காலம் கழித்து எடுக்கப்பட்டபோது, அவற்றிலுள்ள பதிகங்களை ஓதத் தெரிந்தவர்கள் அதே கோயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். குடமுழுக்கு நாளில் ஓதுவார்கள் பாடியதைக் கூட்டத்தின் நெரிசலுக்கிடையே நாமும் கேட்டோம்.

அண்மையில் மீண்டும் சீர்காழி போயிருந்தபோது அந்தக் கைப்பேசிக் கடையைத் தேடிப் போனோம். இளைஞர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். கல்வெட்டுச் செய்தியைச் சொன்னோம். முக்குறுணி நெல் என்றால் எத்தனை கிலோ என்று கேட்டார். மரக்காலுக்கு மரக்கால் மாறுபடும் என்று நம்மில் மூத்தவர் விளக்கத் தொடங்கியதும் இன்னொரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு வந்து, தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 2020 அக்டோபர் 29 இரவு எடுத்தது. நான்கு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன; ஒன்றின் தலையில் வாணலி போன்ற ஏதோவொன்று. அதுதான் அண்ணனாம். வெள்ளத்தில் கைப்பேசி போனபோது இப்படமும் போயிற்று. கொள்ளிடத்து நண்பரிடம் ஒரு படி இருந்ததால் மீண்டதாம்.

அண்ணன் இப்போது எங்கே என்று கேட்டோம்.

"ஊருக்கே வந்துட்டாரு சார், ரெண்டு வருசமாச்சு. பைபாஸ்ல எலெக்ட்ரிக்கல் கடை வச்சிருக்காரு. நாந்தான் ராத்திரி பத்தரைக்கு வாண்ணேன்னு கூப்புடுவேன். வேலையப் பாருடாங்கறாரு." சற்று நிறுத்திவிட்டு, "அம்மாதான் அப்பப்ப கேப்பாங்க, அந்தத் துப்பாக்கிக்காரப் பய இன்னும் இருக்கானாடான்னு" என்றார்.